தேடித் தருவதும் விடை தருவதும்: இணையத் தேடுபொறிகள் ஓர் ஒப்பீடு

பயிர்க் கடன் பெற்ற உழவர் பயிர்க் காப்பீட்டில் கட்டாயம் சேர வேண்டுமா என்ற கேள்வி, கூட்டுறவுச் சங்கங்களிலும் வங்கிக் கிளைகளிலும் பருவந்தோறும் எழுவதாகும். முன்னர் இத்தகைய ஐயம் எழும்போது அலுவலர் சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டுவார். இன்று அவர் இணையத் தேடுபொறியில் அக்கேள்வியைப் பதிகிறார். அவர் முன் இரண்டு பொருள்கள் தோன்றுகின்றன. ஒன்று, விடை இருக்கக்கூடிய பக்கங்களின் பட்டியல். மற்றொன்று, அப்பட்டியலுக்கு மேலே கட்டமிட்டுத் தரப்படும் ஆயத்தமான விடை. பட்டியலைத் திறந்து பார்க்க நேரம் வேண்டும். கட்டத்தில் உள்ளதைப் படிக்க அரை நிமிடம் போதும். ஆகவே பெரும்பாலோர் கட்டத்தோடு நின்றுவிடுகின்றனர்.

இக்கேள்விக்கு உரிய சரியான விடை மூன்று படிகளைக் கொண்டது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ஆம் ஆண்டு காரீப் பருவத்தில் தொடங்கியபோது, அறிவிக்கப்பட்ட பயிர்களுக்குக் கடன் பெற்ற உழவர்கள் அதில் சேருவது கட்டாயமாக இருந்தது. 2020 காரீப் பருவம் முதல் அது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. எனினும், காப்பீடு வேண்டாம் எனக் கருதும் கடன்தாரர், சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு ஏழு நாட்களுக்கு முன்னதாகவே வங்கிக்கு அதனை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடில் பிரீமியம் கணக்கில் பிடிக்கப்படும். 2016-க்கும் 2020-க்கும் இடையே எழுதப்பட்ட பக்கத்திலிருந்து எடுக்கப்படும் விடை ‘கட்டாயம்’ என்று கூறும், அது காலாவதியானது. புதிய பக்கத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு வரி விடை ‘கட்டாயமன்று’ என்று கூறும். அது உண்மையே எனினும் பாதி உண்மை. அதை நம்பி வாளாவிருக்கும் உழவர், தாம் விரும்பாத காப்பீட்டுக்குப் பணம் செலுத்த நேரிடும்.

தேடித் தருவதற்கும் விடை தருவதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே புலப்படும். தேடித் தரும் கருவி, சான்றை ஆராயும் பொறுப்பைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது. விடை தரும் கருவி அப்பொறுப்பைத் தானே ஏற்றது போலத் தோற்றமளிக்கிறது. ஆனால் உண்மையில் ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துவோர்க்கே இக்கருவிகள் பயனளிக்கும்.

தேடுபொறி இயங்கும் முறை

எந்தத் தேடுபொறியும் மூன்று பணிகளைச் செய்கிறது. முதலாவது, இணையப் பக்கங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்புகளின் வழியே தொடர்ந்து சென்று திரட்டுதல். இரண்டாவது, திரட்டிய பக்கங்களில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்பதற்கு ஓர் அடைவு ஆயத்தம் செய்தல். புத்தகத்தின் இறுதியில் காணப்படும் சொல்லடைவைப் போன்றதே இது; அளவில் மட்டும் பன்மடங்கு பெரியது. மூன்றாவது, கேட்கப்பட்ட சொற்கள் உள்ள பக்கங்களைத் தகுதியின்படி வரிசைப்படுத்துதல். பயனாளர் கேள்வி கேட்கும் நொடியில் தேடுபொறி இணையம் முழுவதையும் தேடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தேடுவது, முன்னரே ஆயத்தம் செய்து வைத்த தன் அடைவை மட்டுமே. அடைவில் சேராத பக்கம் இணையத்தில் இருந்தாலும் அதன் கண்ணுக்குப் புலப்படாது.

இத்துறையின் வளர்ச்சி விரைவானது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் 1990-ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ஆர்ச்சி’, பொதுக் கணிப்பொறிகளில் உள்ள கோப்புகளின் பெயர்களை மட்டும் தேடியது. 1994-இல் வந்த ‘வெப்கிராலர்’ பக்கங்களின் முழுப் பாடத்தையும் அடைவுபடுத்தியது. அதே ஆண்டில் தொடங்கிய ‘யாஹூ’, நூலகத்தின் பகுப்பு முறையைப் போன்று, மனிதர்களைக் கொண்டு இணையதளங்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்தது. 1995-ஆம் ஆண்டு இறுதியில் வந்த ‘ஆல்டாவிஸ்டா’ விரிவான அடைவாலும் வேகத்தாலும் புகழ் பெற்றது. 1998-இல் நிறுவப்பட்ட ‘கூகுள்’, ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் தகுதியையும் கொண்டு அப்பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடும் ‘பேஜ்ராங்க்’ முறையைப் புகுத்தியது. அறிவியல் கட்டுரைகளின் மதிப்பை, அவற்றை மேற்கோள் காட்டும் பிற கட்டுரைகளைக் கொண்டு அறியும் மரபின் விரிவாகும் இது. ஆல்டாவிஸ்டா 2013-இலும், யாஹூவின் தலைப்பு வாரிப் பட்டியல் 2014-இலும் மூடப்பட்டன.

இணைப்புகளை எண்ணும் முறைக்கு ஒரு குறை உண்டு. பலரால் சுட்டப்படுவதே முதலில் நிற்கும். பல ஆண்டுகளாக இருந்து வரும் பழைய பக்கத்திற்கு இணைப்புகள் மிகுதி. நேற்று வெளியான திருத்த ஆணைக்கு இணைப்பே இராது. பிற்காலத்தில் பக்கத்தின் புதுமை முதலிய பல கூறுகள் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன எனினும், புகழ் பெற்றதும் நடைமுறையில் உள்ளதும் ஒன்றல்ல என்பதை அரசாணைகளைத் தேடுவோர் மறத்தலாகாது.

விடையளிக்கும் முயற்சிகள்

கணிப்பொறியிடம் மனித மொழியில் கேள்வி கேட்டு விடை பெறும் முயற்சி, இணையத்தினும் மூத்தது. 1961-இல் அமெரிக்காவில் வெளியான ‘பேஸ்பால்’ என்னும் நிரல், ஒரே ஓர் ஆண்டின் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விடையளித்தது. 1971-இல் வல்லுநர் முன் இயக்கிக் காட்டப்பட்ட ‘லூனார்’, அப்பல்லோ பயணங்களில் கொணரப்பட்ட நிலவுப் பாறைகளைப் பற்றிய கேள்விகளை ஏற்றது. இவற்றின் எல்லை குறுகியது. ஆனால் அந்த எல்லைக்குள் விடை எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் போரிஸ் காட்ஸ் உருவாக்கிய ‘ஸ்டார்ட்’ 1993-ஆம் ஆண்டு இறுதியில் இணையத்தில் வைக்கப்பட்டது. பொதுமக்கள் இணையத்தின் வழியே கேள்வி கேட்ட முதல் அமைப்பு இதுவேயாகும்.

இவ்வமைப்புகளை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் பணியை அமெரிக்க அரசின் தேசியத் தரக்கழகம் மேற்கொண்டது. அது 1992 முதல் நடத்தி வரும் ‘டிரெக்’ ஆய்வரங்கில் 1999-ஆம் ஆண்டு வினா-விடைப் பிரிவு சேர்க்கப்பட்டது. பங்கு பெற்ற அமைப்புகளுக்கு 200 வினாக்கள் தரப்பட்டன. ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் வரை தரலாம். ஆனால் ஒவ்வொரு விடையுடனும் அது எடுக்கப்பட்ட ஆவணத்தின் அடையாள எண்ணையும் தர வேண்டும் என்பது விதி. 2001-ஆம் ஆண்டில் மற்றொரு விதி சேர்ந்தது. தரப்பட்ட ஆவணத் தொகுப்பில் விடையே இல்லாத வினாக்களும் இடம் பெற்றன. அவற்றுக்கு ‘விடை இல்லை’ என்று கூறுவதே சரியான விடையாகக் கொள்ளப்பட்டது. சான்றைக் காட்டுதல், இல்லாததை இல்லை எனல் ஆகிய இவ்விரண்டும் இன்றைய கருவிகளை மதிப்பிடவும் ஏற்ற அளவுகோல்களே.

நான்கு வகை விடைகள்

தேடுபொறிகளும் அவற்றைச் சார்ந்த கருவிகளும் தரும் விடைகளை, அவை பிறக்கும் இடத்தைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

(1) மனிதர் ஆயத்தம் செய்யும் விடை: 1997-இல் வெளிவந்த ‘ஆஸ்க் ஜீவ்ஸ்’ இவ்வகையில் புகழ் பெற்றது. அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்கு உரிய பக்கங்களை ஆசிரியர் குழு முன்கூட்டியே தேர்ந்து வைத்தது. பயனாளரின் வினா எந்த மாதிரி வினாவோடு பொருந்துகிறது என்பதைக் கணிப்பொறி கண்டறிந்தது. வினாக்கள் பெருகப் பெருக ஆசிரியர் குழு ஈடு கொடுக்க இயலவில்லை. பின்னர் அந்நிறுவனமும் தானியங்கித் தேடலுக்கு மாறிற்று. தென் கொரியாவின் ‘நேவர்’ 2002-இல் பயனாளர்களே ஒருவருக்கொருவர் விடை கூறும் பகுதியைத் தொடங்கி வெற்றி கண்டது. அதே வழியில் 2005-இல் தொடங்கிய ‘யாஹூ ஆன்சர்ஸ்’ 2021-இல் மூடப்பட்டது. இந்தியாவில் 2004 ஜனவரியில் தொடங்கிய உழவர் அழைப்பு மையமும் இவ்வகையைச் சார்ந்ததே. அங்கு வேளாண்மை கற்றவர் தொலைபேசியில் உழவரின் மொழியில் விடையளிக்கிறார். விடை கூறுபவர் “எந்த மாவட்டம்? எந்தப் பயிர்? எப்போது விதைத்தீர்கள்?” என்று திருப்பிக் கேட்கக்கூடியவராதலால் இம்முறைக்குத் தனிச் சிறப்பு உண்டு.

(2) தரவுக் களஞ்சியத்திலிருந்து வரும் விடை: 2009 மே மாதம் வெளிவந்த ‘உல்ஃப்ரம் ஆல்ஃபா’ பக்கங்களைத் தேடுவதில்லை, சரிபார்த்துத் தொகுக்கப்பட்ட தரவுகளைக் கொண்டு கணக்கிட்டு விடை தருகிறது. கூகுள் 2012 மே மாதம் ‘நாலெட்ஜ் கிராஃப்’ என்னும் களஞ்சியத்தை அறிமுகப்படுத்தியது. அப்போது அதில் 50 கோடிப் பொருள்களும் அவற்றைப் பற்றிய 350 கோடிச் செய்திகளும் இருந்தன. இந்தியாவின் தேசியப் பறவை எது, இரு நகரங்களுக்கிடையே தொலைவு எவ்வளவு என்பன போன்ற நிலையான செய்திகளுக்கு இவ்வகை மிகவும் ஏற்றது. ஆனால் அரசுத் திட்டத்தின் விதியும் விலக்கும் இத்தகைய கட்டங்களில் எளிதில் அடங்குவதில்லை.

(3) பக்கத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் விடை: தேடுபொறி, பொருத்தமெனக் கருதும் ஒரு பக்கத்திலிருந்து சில வரிகளை எடுத்து அப்பக்கத்தின் முகவரியோடு பட்டியலுக்கு மேலே காட்டுகிறது. கூகுளும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘பிங்’கும் இவ்வாறு செய்கின்றன. சொற்கள் மூலத்தில் உள்ளவையே என்பது இதன் வலிமை. ஆனால் வெட்டும் இடத்தில் ‘எனினும்’, ‘நீங்கலாக’ போன்ற சொற்களால் தொடங்கும் அடுத்த வாக்கியம் விடுபட்டுப் போகலாம். அரசாணைகளில் உயிர்நாடி பெரும்பாலும் அந்த அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

(4) இயற்றப்படும் விடை: 2022 நவம்பர் 30 அன்று ‘சாட்ஜிபிடி’ வெளியான பின்னர் இவ்வகை பெருகியது. 2023 பிப்ரவரியில் பிங்கும், 2024 மே மாதம் அமெரிக்காவிலும் அவ்வாண்டிலேயே இந்தியாவிலும் கூகுளும் இதனைத் தம் தேடலோடு இணைத்தன. ‘பெர்பிளெக்சிட்டி’ போன்றவை இதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவை. இவற்றின் அடிப்படையான மொழி மாதிரி, பெருந்தொகையான பாடங்களைக் கற்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருதல் இயல்பு என்பதைக் கணித்து வாக்கியங்களை அமைக்கிறது. தேடலோடு இணைந்தவை முதலில் சில பக்கங்களைத் தேடியெடுத்து, அவற்றின் சாரத்தைப் புதிய வாக்கியங்களில் எழுதி, மூலங்களின் முகவரியையும் அருகில் இடுகின்றன. பல பக்கச் செய்திகளை ஒன்றாக்குதல், கடினமான நடையை எளிதாக்குதல், தொடர்ந்து கேள்வி கேட்க இடமளித்தல் ஆகியவை இவற்றின் நன்மைகள். ஆனால் வாக்கியம் மூலத்தினுடையதன்று. இரு ஆண்டுகளின் விதிகளை ஒரே வாக்கியத்தில் கலந்துவிடவும், மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிடவும் வாய்ப்புண்டு. சரியான விடையும் தவறான விடையும் ஒரே உறுதியான நடையில் அமைவதால், நடையைக் கொண்டு பிழையைக் கண்டறிய இயலாது.

ஒப்பீட்டுக்கான அளவுகோல்கள்

1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய ஆய்வுகள், தேடலை மதிப்பிட இரு அளவுகளை நிலைநாட்டின. தேடிக் கிடைத்தவற்றுள் பயனுள்ளவை எவ்வளவு என்பது துல்லியம். பயனுள்ளவை அனைத்திலும் கிடைத்தவை எவ்வளவு என்பது நிறைவு. கிடைத்த 10 பக்கங்களில் 6 பயனுள்ளவை எனில் துல்லியம் 60 சதவீதம். பயனுள்ள பக்கங்கள் மொத்தம் 30 இருந்தன எனில் நிறைவு 20 சதவீதம். பொதுவாக ஒன்றைக் கூட்ட முயன்றால் மற்றது குறையும்.

ஒற்றை விடை தரும் கருவியில் நிறைவு என்னும் அளவுக்கு இடமில்லாது போகிறது. தேசியப் பறவையின் பெயரைக் கேட்பவருக்கு அது தேவையுமில்லை. ஆனால் திட்டத்தின் விதியைக் கேட்பவருக்கு எல்லா விலக்குகளும் தேவை. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தையே மீண்டும் நோக்கலாம். உழவர் செலுத்தும் பிரீமியத்தின் உச்ச அளவு, காரீப் உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிப் பருவத்தில் 1.5 சதவீதம், பணப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 சதவீதம் என்பது நாடு முழுமைக்கும் பொதுவான விதி. சேர்க்கைக்கான கடைசி நாளோ மாநில அறிவிக்கையையும் பயிரையும் பருவத்தையும் பொறுத்தது. பீகார் 2018-இலும் மேற்கு வங்கம் 2019-இலும் இத்திட்டத்திலிருந்து விலகித் தத்தம் திட்டங்களை அமைத்துக்கொண்டன. எனவே முதல் கேள்விக்கு ஒரு வரி விடை போதும். இரண்டாவது கேள்விக்கு எந்தக் கருவியின் ஒரு வரி விடையும் போதாது. கருவியை ஒப்பிடுவதற்கு முன் கேள்வியின் இயல்பை ஆராய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மற்றோர் அளவுகோல், சான்றுகளின் தனித்தன்மை. ஒரு தேடுபொறியில் கண்டதை மற்றொன்றில் சரிபார்த்துக்கொண்டதாகப் பலர் மன நிறைவு அடைகின்றனர். ஆனால் வெவ்வேறு பெயருடைய தேடுபொறிகள் ஒரே அடைவைப் பயன்படுத்துவது உண்டு. 2009-ஆம் ஆண்டின் உடன்பாட்டுக்குப் பின் யாஹூ தேடலுக்குப் பிங்கின் அடைவே அடிப்படையாயிற்று. 2008-இல் தொடங்கிய ‘டக்டக்கோ’, பயனாளரைப் பின்தொடர்ந்து விவரம் திரட்டுவதில்லை என்னும் கொள்கையால் பெயர் பெற்றது. அதன் இணைப்புப் பட்டியலும் பெரும்பாலும் பிங்கைச் சார்ந்ததே. ‘ஸ்டார்ட்பேஜ்’ கூகுளின் முடிவுகளைப் பெயர் மறைத்துப் பெற்றுத் தருகிறது. அவ்வாறே, இருவேறு நிறுவனங்களின் இயற்றிய விடைகளும் ஒரே கலைக்களஞ்சியப் பக்கத்திலிருந்து பிறந்திருக்கலாம். ஒரே சாட்சியை இரு முறை விசாரித்து இரு சாட்சிகள் என்று எண்ணுவது தவறாகும். பக்கத்தின் மூலம் வேறாக இருந்தால்தான் அது வேறு சான்று.

பிழையும் பொறுப்பும்

விடை தரும் கருவிகளின் பிழைகள் உலகறியச் சில முறை வெளிப்பட்டுள்ளன. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் ‘பார்டு’ கருவியை விளம்பரப்படுத்தியபோது, சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலில் படம் பிடித்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என அது கூறியது. உண்மையில் அத்தகைய முதல் படம் 2004-இல் சிலி நாட்டில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்டது. 2024 மே மாதம் கூகுளின் இயற்றிய விடை, பீட்சாவின் பாலாடைக்கட்டி நழுவாதிருக்கப் பசை சேர்க்கலாம் எனப் பரிந்துரைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நகைச்சுவையாக எழுதியதை அக்கருவி மெய்யென எடுத்துக்கொண்டதே காரணம்.

நகைப்புக்கு இடமாகும் பிழைகளினும், பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை எழுப்பிய பிழைகளே கருதத்தக்கவை. 2023 ஜூன் மாதம் நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றம், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. கருவி கூறியது என்பது அவர்களுக்குக் காப்பாக அமையவில்லை. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் ஒன்று, ஏர் கனடா நிறுவனத்தின் இணையதள உரையாடல் கருவி கூறியதை நம்பிப் பயணச்சீட்டு வாங்கியவருக்கு இழப்பீடு தர ஆணையிட்டது. உறவினர் மறைவை ஒட்டிய கட்டணச் சலுகையைப் பயணத்திற்குப் பின்னரும் கோரலாம் என அக்கருவி கூறியிருந்தது. நிறுவனத்தின் விதியோ அதற்கு மாறானது. தன் செயலுக்குக் கருவியே பொறுப்பு என்ற வாதம் ஏற்கப்படவில்லை. தன் இணையதளத்தில் தரப்படும் விடைக்கு அந்நிறுவனமே பொறுப்பு என்பது முடிவாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளும் அயல் நாட்டினவாயினும், அலுவலர்க்கு அவற்றில் பாடம் உண்டு. விடையைப் பயன்படுத்துவோரும், தம் பெயரில் விடையை வெளியிடுவோரும் பொறுப்பிலிருந்து விலக இயலாது. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, இதற்கொரு முன்மாதிரியைத் தருகிறது. அச்சட்டத்தின்படி பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். மறுப்பதாயின் அதற்கான காரணத்தையும், மேல்முறையீட்டுக்குரிய காலத்தையும், மேல்முறையீட்டு அலுவலரின் விவரத்தையும் தெரிவிக்க வேண்டும். அந்த விடை மெதுவாக வருவதாயினும் அதன் பின்னால் ஒரு கையொப்பம் இருக்கிறது. நொடியில் வரும் விடைக்குப் பின்னால் அது இல்லை.

இந்திய மொழிகளின் நிலை

ஆங்கிலத்தில் கேட்கும் அலுவலர்க்கும் தாய்மொழியில் கேட்கும் உழவர்க்கும் ஒரே தரமான விடை கிடைக்கிறதா என்பது வளர்ச்சி நோக்கில் முக்கியமான கேள்வி. இந்திய மொழிகளில் தேடுவதற்குச் சில தனி இடர்ப்பாடுகள் உள்ளன. தமிழ் போன்ற மொழிகளில் ஒரே சொல் பல வடிவங்களில் வருகிறது. ‘காப்பீடு’ என்று தேடுபவருக்குக் ‘காப்பீட்டில்’, ‘காப்பீட்டுக்கு’, ‘காப்பீட்டுத்தொகை’ என்பன உள்ள பக்கங்களும் கிடைக்க வேண்டுமெனில், சொல்லின் வேரை அறியும் திறன் அடைவுக்கு வேண்டும். அன்றியும் ஆணையில் ‘காப்பீடு’ என்றிருப்பதை மக்கள் ‘இன்சூரன்ஸ்’ என்று கேட்கின்றனர். இரண்டும் ஒன்றே என்பதைக் கருவி அறிந்திருக்க வேண்டும்.

எழுத்து முறையும் ஓர் இடர்ப்பாடு. நீண்ட காலமாக ஒவ்வோர் அலுவலகமும் வெவ்வேறு குறியாக்கம் கொண்ட எழுத்துருக்களைப் பயன்படுத்தி வந்தது. அவ்வாறு எழுதப்பட்ட பாடம் திரையில் தமிழாகத் தோன்றினும் தேடுபொறிக்கு அது பொருளற்ற எழுத்துக் கோவையே. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது இவ்வகையில் முக்கியமான படியாகும். எனினும், தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஒளிப்படமாக வருடி இணையத்தில் ஏற்றப்படும் ஆணைகள் நாடெங்கும் உள்ளன. அவற்றைத் தேடுபொறி படிக்கத் தவறினால், அதிகாரபூர்வமான மூலம் மறைந்து, அதைப் பற்றி வேறொருவர் எழுதிய குறிப்பே முன்னால் வந்து நிற்கும். தவறான விடைக்கு ஒரு காரணம் கருவியில் உள்ளது எனில், மற்றொரு காரணம் அலுவலகத்தில் உள்ளது.

இக்குறைகளைப் போக்கும் பணிகளும் நடைபெற்று வருகின்றன. மத்திய அரசின் ஆதரவில் பல கல்வி நிறுவனங்கள் கூடி, சுற்றுலாச் செய்திகளுக்காகத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ‘சந்தான்’ என்னும் தேடுபொறியை உருவாக்கின. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தை மையமாகக் கொண்டு 2008-இல் தொடங்கிய ‘ஃபயர்’ ஆய்வரங்கு, டிரெக் போன்று, இந்திய மொழித் தேடலை அளந்து பார்க்கும் களமாக அமைந்தது. 2022 ஜூலையில் ‘பாஷிணி’ மொழிபெயர்ப்புத் திட்டமும், தமக்குரிய அரசுத் திட்டங்களை மக்கள் அறிந்துகொள்ள ‘மைஸ்கீம்’ தளமும் தொடங்கப்பட்டன. உழவர் உதவித்தொகைத் திட்டம் பற்றிய கேள்விகளுக்காக 2023 செப்டம்பரில் தமிழ் உட்படச் சில மொழிகளில் ‘கிசான் இ-மித்ரா’ தொடங்கியது. எல்லை குறுகியது, மூலம் தெளிவானது என்ற வகையில் இது பழைய லூனாரின் வழியைச் சார்ந்தது. பொதுப்பணிக்கு ஏற்ற வழியும் அதுவே எனலாம்.

மாணவர்க்கும் அலுவலர்க்கும்

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. மாறாத செய்தியை அறியத் தரவுக் களஞ்சிய விடை போதுமானது. புதிய துறை ஒன்றின் பரப்பை அறியவும், கடினமான பகுதியை எளிதாக்கிக்கொள்ளவும் இயற்றிய விடை பயன்படும். ஆனால் அது படிப்பின் தொடக்கமே தவிர மேற்கோள் காட்டத்தக்க மூலமன்று. விதி, தொகை, தேதி, தகுதி ஆகிய நான்கையும் எந்தக் கட்டமிட்ட விடையிலிருந்தும் எடுத்தல் கூடாது. அவ்விடை சுட்டும் பக்கத்தைத் திறந்து, ஆணையின் எண்ணையும் நாளையும் காண வேண்டும். அதன்பின் திருத்தம் வந்துள்ளதா எனத் தனியே தேட வேண்டும். ‘கவ் டாட் இன்’, ‘நிக் டாட் இன்’ என முடியும் முகவரிகள் அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுவன. திட்டத்தின் பெயரைக் கொண்ட பிற முகவரிகளில் விண்ணப்பமோ பணமோ செலுத்துவதற்கு முன் இதனைக் கவனித்தல் இன்றியமையாதது.

வெளியிடும் அலுவலகங்களுக்கும் கடமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பொது அமைப்புகள் தம் செய்திகளைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்றும், அவ்வாறு பரப்பும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. ஆணையை ஒருங்குறிப் பாடமாக வெளியிடுதல், ஒவ்வொரு பக்கத்திலும் நாளைக் குறித்தல், திருத்தப்பட்ட பழைய ஆணையின் தலைப்பிலேயே ‘இது தற்போது நடைமுறையில் இல்லை’ என எழுதிப் புதிய ஆணைக்கு இணைப்புத் தருதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. இவற்றைச் செய்தால் எல்லாத் தேடுபொறிகளின் விடையும் ஒருசேரத் திருந்தும். செய்யாவிடில் எவ்வளவு நுட்பமான கருவியும் பழைய பக்கத்தையே படித்துப் பழைய விடையையே கூறும்.

கூட்டுறவுச் சங்கத்தின் முன் நிற்கும் உழவருக்கு வேண்டியது எந்தத் தேடுபொறி சிறந்தது என்ற முடிவன்று. பருவத்தின் கடைசி நாளுக்கு ஏழு நாட்கள் இருக்கும்போதே, இன்ன ஆணையின்படி, இன்ன நாளுக்குள், இன்னாரிடம் எழுதித் தர வேண்டும் என்று ஒருவர் பொறுப்போடு கூறுவதே அவருக்கு வேண்டிய விடை. அவ்வாணையை விரைந்து கண்டெடுக்கத் தேடுபொறி உதவும். அதைப் படித்துப் பார்த்து, அவ்வுழவரின் மாவட்டத்திற்கும் பயிருக்கும் அது பொருந்துகிறதா என உறுதி செய்து கூறும் பணி அலுவலருடையதாகவே இருக்கிறது.